குங்குமம் பட்ட தாள்

என்னோடு சேர்ந்து முதுமை எய்திவிட்ட அன்பர்களே, நாம் நாள்தோறும் ஓதும் பாடல்களில், பாடிய அடியார் தம் நெஞ்சின் கரவைத் தாமே எடுத்துச் சொல்லி அழும் இடங்கள் உண்டு. அங்கே வரும்போது நம் குரல் தானாகவே தழுதழுக்கிறது. அழுது முடித்ததும் மனம் இலேசாகிவிடுகிறது. எழுந்துபோய்க் காப்பி குடிக்கிறோம். என் தந்தையாரும் அப்படித்தான் பாடினார். குன்னூரின் விடியற்குளிரில், கம்பளிக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீர் மூக்கின் ஓரமாய் வடிய வடியப் பாடுவார். அது மெய்யான கண்ணீர் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனால் குற்றமுடையேன் என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வது எளிது. இன்னாருக்கு இதைச் செய்தேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொல்லாமல் விட்டதை அவர் மகளாகிய நான் எழுதுகிறேன். இதனால் அவருக்கு நன்மை விளையுமா, நோவு விளையுமா என்பது எனக்குத் தெரியவில்லை.

அப்பா குன்னூரை அடுத்த வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலையின் பொருட்டு மலையேறியவர். குன்னூர்க் கடைத்தெருவுக்கு மேலே, தகரக் கூரை போட்ட வாடகை வீட்டில் அப்பா, அம்மா, நான் என மூவர் இருந்தோம். மற்ற எழுத்தர்கள் ஓய்வு நாளில் சீட்டாடுவார்கள். அப்பா பழைய பணத்தாள்களைச் சேர்த்தார். அரசாங்கம் அச்சிட்டவற்றை அல்ல. பணத்தாள் அச்சிடும் உரிமையை அரசாங்கம் தன் கைக்குள் எடுத்துக்கொள்வதற்கு முன்னால், சிறு நகரங்களில் இருந்த தனியார் வங்கிகள் தாமே தாள் அடித்துப் புழங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. அவற்றுள் பல மூழ்கிப்போயின. மூழ்கிய வங்கிகளின் தாள்களைத்தான் அப்பா தேடினார். கடைத்தெருவில் அவருக்குச் 'செத்த நோட்டுக்காரர்' என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மூடுபனி விலகி வெயில் வந்ததும், தோட்டத்துக் கணக்கர்களும் உருளைக்கிழங்கு மண்டிக்காரர்களும் பெட்டியடியில் கிடைத்த பழங்காகிதங்களைக் கொண்டுவருவார்கள். அப்பா சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்து, விரல்களைச் சற்று நேரம் வெயிலில் காட்டுவார். பிறகுதான் தாளைத் தொடுவார். சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே மறைந்திருக்கும் நீர்க்குறியைத் தேடுவார். காதருகே வைத்து மெல்ல அசைத்து அதன் ஒலியைக் கேட்பார். ஓரத்தை நகத்தால் வருடுவார். மடிப்பு விழுந்திருந்தால் மதிப்பு குறையும். ஊசித் துளை இருந்தால் இன்னும் குறையும். கறை பட்டிருந்தால் உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"சாமி படத்தத் தொடறதுக்குக்கூட இத்தன தடவ கை கழுவ மாட்டீங்க," என்பாள் அம்மா.

"சாமிக்கு அழுக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும்," என்று அப்பா சிரிப்பார்.

எழுத்தர் சம்பளத்தில் நல்ல தாள் எதுவும் வாங்க முடியாது. அவரிடம் இருந்தவையெல்லாம் கிழிசல்களும் நைந்தவைகளுமே. ஆனாலும் தடித்த அட்டையில் தாமே ஓர் ஆல்பம் தைத்து, பக்கத்துக்குப் பக்கம் வழுவழுப்பான மெல்லிய தாள் வைத்து, பாச்சை உருண்டை மணக்க மணக்கக் காத்துவந்தார். அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். ஏன் என்று நான் கேட்டபோது, "வர்றவங்க வரட்டும்," என்றார், விருந்தாளியைப் பற்றிப் பேசுவதுபோல.

அக்காலத்தில்தான் கண்டிச்சீமை என்று நாம் சொல்லும் இலங்கையிலிருந்து நம்மவர்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாட்டன் பூட்டன் காலத்தில் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்களின் சந்ததியார். இந்த மண்ணை ஒருநாளும் மிதித்திராதவர்களுக்கு இதுவே உன் ஊர் என்று சொல்லப்பட்டது. சமவெளி ஊர்களில் கடை வைக்கச் சொல்லிக் கொஞ்சம் கடன் கொடுத்தார்கள். கொழுந்து கிள்ளத் தெரிந்த கைகளுக்குத் தராசு பிடிக்கத் தெரியவில்லை. நீலகிரியில் தேயிலை உண்டு என்று கேள்விப்பட்டு மலையேறி வந்தார்கள். குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் சாக்கும் தகரமும் கொண்டு குடிசை போட்டார்கள். ஊரார் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்று, ஏதோ வேற்று நாட்டார்போல அழைத்தனர். எங்கள் வீட்டாரும் விலக்கல்லர்.

அவர்களுள் ஒருத்தி எங்களுக்கு விறகு கொண்டுவருவாள். கண்டியம்மா என்று அழைப்போம். கணவன் வந்திறங்கிய முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டான். பெண்கள் இருவர். பெரியவள் தாயோடு விறகு பொறுக்குவாள். சின்னவள் என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாள். அவள் தலைமயிரில் ஈர விறகின் புகை மணக்கும். எந்த வீட்டுத் தேநீரையும் முகர்ந்து, தூள் பழசா புதிதா என்று சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டுத் தேநீரை முகர்ந்து மூக்கைச் சுளித்தது அம்மாவுக்கு நெடுநாள் மறக்கவில்லை.

மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு, கண்டியம்மா விறகை இறக்கிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஐயா, செத்த நோட்டெல்லாம் நீங்க பாப்பீகளாமே. எங்கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க. செத்துக் கெடக்கா, உசுரோட இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

மாராப்புக்குள்ளிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தாள். அவற்றின் இடையே கிடந்ததைக் கண்டதும் அப்பா எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். தகரப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த காகிதத்துக்குக் கீழே தலைமுறை தலைமுறையாகக் கிடந்ததால், அதில் ஒரு மடிப்பும் இல்லை. ஒரு பக்கம் மட்டுமே அச்சு. கருநீல மை. வரிசை எண்ணைக் கையால் எழுதியிருந்தார்கள். கையொப்பத்தின் மை துருநிறமாய் மாறியிருந்தது. ஆங்கிலத்துக்குக் கீழே சிங்களத்திலும் தமிழிலும் 'ஐந்து ரூபாய்' என்றிருந்தது. நம் எழுத்தை ஒரு பழம்பணத்தில் நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான். அது இலங்கை மலைநாட்டுப் பதுளையில் இயங்கி, காப்பிச் செடி நோயுற்று அழிந்த காலத்தில் தானும் அழிந்துபோன ஒரு வங்கியின் தாள்.

"இது ஏதும்மா உனக்கு?"

"எங்க ஊட்டுக்காரரோட பாட்டனுக்குப் பாட்டன் சேத்து வச்சதுங்க. ஊருக்குத் திரும்பிப் போகணும்னு வயித்தக் கட்டிச் சேத்த சில்லறைய ஒத்த நோட்டா மாத்தி வச்சாராம். பேங்கு முழுகிருச்சு, இனி இது செல்லாதுன்னு கங்காணி சொல்லிப்புட்டாராம். பின்னால கவருமெண்டு அதுக்குப் பணம் குடுத்துச்சுன்னு பேச்சு வந்துச்சு. தோட்டத்துல கூலிச் சனம் குடியிருக்குற லயத்துக்குச் சேதி வந்து சேர்றதுக்குள்ள கெடு முடிஞ்சுபோச்சு. மனுசன் அங்கிட்டே தங்கிட்டாரு. இது மட்டும் செத்துருக்காட்டி நாங்க யாரும் கண்டியில பொறந்துருக்கவே மாட்டோமுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். "கப்பலேறயில சோதன போட்ட ஆபிசரு என் காதுத் தோட்டக்கூடக் கழத்திப் பாத்தாரு. இதக் கையில எடுத்தவரு சிரிச்சுப்புட்டு, 'ஒங்க ஊருக்குக் கொண்டுட்டுப் போயி வெத்தல மடி'ன்னு குடுத்துட்டாருங்க."

அப்பா தாளைச் சன்னலுக்கு எதிரே பிடித்தார். வெளிச்சம் அதன் வழியே வந்து அவர் முகத்தில் விழுந்தது. கோயிலில் திரை விலகும் கணத்தில் அவர் முகம் அப்படி ஆவதை நான் கண்டிருக்கிறேன்.

"இது செத்த நோட்டு இல்லம்மா," என்றார். "இத வெச்சிருந்தா உனக்கு நல்லகாலம்."

அப்போது அவர் மனத்தில் ஒரு களங்கமும் இல்லை. மதிப்பை மறைக்கவில்லை. தம்மால் வாங்க முடியாது என்பதையும், வாங்கக்கூடியவர் ஒருவரைத் தமக்குத் தெரியும் என்பதையும் உடனே சொன்னார்.

கண்டியம்மா தரையில் அமர்ந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது இன்னதென்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஓடைக்கு மேல்புறச் சரிவில் மண்சுவர் வைத்த ஒரு சிறு இடத்தை, சமவெளிக்குப் போகும் குடும்பம் ஒன்று விற்க முன்வந்திருந்தது. முன்பணம் கொடுத்துவிட்டால் மீதியைக் கூலியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அது கைகூடாவிட்டால் கூப்புக்குப் போயாகவேண்டும். கூப்பு என்றால், ஊட்டிக்கு அப்பால் காட்டுக்குள் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசும் சீகை மரமும் வெட்டும் முகாம். அதன் மேஸ்திரி ஓடைக்கரைக்கு வந்து, அரிசி தருகிறேன், லாரி அனுப்புகிறேன் என்று ஆள் திரட்டிக்கொண்டிருந்தான்.

"அங்க பள்ளிக்கூடம் கெடையாதுங்க. கொட்டாயிக்குக் கதவு கெடையாது. எம் பெரியவளுக்கு வயசு வந்துருச்சு," என்றாள் அம்மாவிடம். "கூப்புக்குப் போனவுக யாரும் திரும்பி வந்து கத சொன்னதில்லக்கா."

தாளை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனாள். "சாக்குக் குடிசைல ஒழுகுதுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

வாங்கக்கூடியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. இளமையில் இலங்கையில் தோட்டம் பார்த்து, பின்னர் குன்னூரில் பங்களா கட்டித் தங்கிவிட்டவர். இப்போது எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தம் நாட்டுக்குப் புறப்படும் நிலை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பங்களாவில் மரப்பெட்டிகளும் வைக்கோலும் நிறைந்து கிடந்தன. நாயின் ஈர வாடையும் மெழுகின் வாடையும் கலந்து வீசின. அப்பா தாளைப் பற்றிச் சொல்லச் சொல்ல, துரை கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். பதுளையில்தான் அவர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தாராம். துரை சொன்ன விலையைப் பட்லர் எனக்குத் தமிழில் சொன்னார். கண்டியம்மாவுக்கு வேண்டிய முன்பணத்தைப் போல இரு மடங்கு.

"இப்ப எப்பிடி இருக்குதோ அப்பிடியே கொண்டாரச் சொல்றாருங்க," என்றார் பட்லர். "அடுத்த வாரம் கப்பலேறறாரு. வெரசாக் கொண்டாந்துருங்க."

மறுநாளே கொண்டுபோயிருக்கலாம். அம்மா அதைத்தான் சொன்னாள்.

"ஏனுங்க, நாளைக்கே குடுத்துட்டு வந்துருங்களே. அந்தப் பொம்பள அடுப்பு மேல நிக்கிறாளாட்ட நிக்கிறா."

"ஆயுத பூசைய முன்னால வெச்சுக்கிட்டு லட்சுமிய ஊட்ட விட்டு அனுப்பறதா? பூச கழியட்டும்."

"லட்சுமி நம்மளுது இல்லீங்களே."

"எந்த ஊட்டுல இருந்தாலும் லட்சுமி லட்சுமிதான்."

பக்தியில் பிறந்த சொல்லாகவே அது எங்கள் காதில் விழுந்தது. ஆனால் அந்த நாள்களில் மாலைதோறும் அலுவலகத்திலிருந்து வந்ததும், தேநீர்கூடக் குடியாமல், கை கழுவி, ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்து அவர் அமர்ந்திருந்ததை நான் பார்த்தேன். வெறுமையாய் இருந்த அந்தப் பக்கத்தில் பதுளைத் தாள் வந்து குடியேறியிருந்தது.

ஆயுத பூசையன்று வீட்டிலிருந்த கருவிகள் எல்லாம் பூசை மாடத்தின் முன் வரிசையாக அமர்ந்தன. அம்மாவின் அரிவாள்மணை, கரிப் பெட்டி இஸ்திரி, என் பாடப் புத்தகங்கள், அப்பாவின் பேனா, உருப்பெருக்குக் கண்ணாடி, ஆல்பம். கண்டியம்மாவும் தான் தீவிலிருந்து கொண்டுவந்த கவ்வாத்துக் கத்தியைச் சின்னவளிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். தேயிலைச் செடியைத் தறித்துவிடும் கத்தி அது. அவர்கள் குடிசையில் அதைச் சாத்தி வைக்க ஒரு சுவர் இல்லை.

அப்பா கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். அம்மா அரைத்த சந்தனத்தை ஒவ்வொன்றுக்கும் இட்டு, அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். கண்டியம்மாவின் கத்திக்கு வைத்தாள். ஆல்பத்தைத் திறந்தாள். கடைக்காரர்கள் புதுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பொட்டு வைப்பார்கள் அல்லவா, அப்படி முதல் பக்கத்தில் வைக்கக் கை நீட்டியவள் ஒரு கணம் நின்றாள்.

"கத்திக்கு வெச்சுட்டு இதுக்கு வெக்காம உட்டா எப்படி?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அவ குடியிருக்கப்போற ஊடு இதுலதான இருக்குது."

தாளின் வலது மூலையில், தமிழெழுத்துக்குப் பக்கத்தில், சிறிதாகச் சந்தனம் இட்டாள். அதன் நடுவே குங்குமம். இரு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவின் கண்கள் மூடியே இருந்தன. அடியாரின் அழுகை அவர் கண்ணில் அருவியாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் தீபம் காட்டி, ஆல்பத்தை மூடி வைத்தார்கள். அன்று மாலை மழை பிடித்தது. குன்னூர் மழையின் ஈரம் உங்களுக்குத் தெரியும். உப்பு கரையும், தீப்பெட்டி நமுக்கும், சுவர் வியர்க்கும்.

விசயதசமிக் காலை அப்பா ஆல்பத்தைத் திறந்தார். குங்குமம் ஈரத்தில் ஊறி, மெல்லிய தாளின் வழியே பிதுங்கி, துருநிறக் கையொப்பம்வரை பரவியிருந்தது. அடித்துக் குவித்த நெல்லைப் பார்ப்பதற்கு வந்தவன் தீயில் வெந்த களத்தைப் பார்ப்பதுபோல அப்பா பார்த்தார்.

"என்ன காரியம் பண்ணிப்போட்ட!"

"நல்லதுக்குத்தானுங்க வெச்சேன்," என்றாள் அம்மா. பிறகு அவளுக்குப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அப்பா தாளை உறையிலிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு துரையிடம் போனார். ஏன் என்னை அழைத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை குழந்தையோடு வருபவரிடம் துரை கடுமையாகப் பேசமாட்டார் என்று எண்ணியிருக்கலாம். துரை கடுமையாகப் பேசவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு அந்தப் பொட்டின் மேல் விரலை வைக்காமல் காற்றில் வட்டமிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"பாதி வெல தர்றாராமுங்க," என்றார் பட்லர். "கறை பட்டாலும் பதுளை பதுளைதானேங்கறாரு." அவரும் சிரித்தார். "பொட்டு வெச்ச நோட்டச் சீமைக்குக் கொண்டுபோனா, அங்க இதுக்குக் கலியாணமே பண்ணி வெச்சுருவாங்களாட்டருக்குது."

அப்பா சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றனுங்க," என்றார்.

"நாளைக்குள்ள சொல்லிப்போடுங்க. நாளான்னைக்குக் காலைல காரு வந்துரும்."

சைப்ரஸ் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்த பாதையில் இறங்கினோம். எனக்குக் கணக்கில் பிழை வராது. இரு மடங்கில் பாதி என்ன என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"அப்பா, பாதின்னா கண்டியம்மாவோட எடத்துக்குச் சரியாப் போயிருமுங்களே?"

"பெரியவங்க காரியத்துல உனக்கென்ன பேச்சு?" என்றார். அதுவரை என்னிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. பதிகத்தின் பொருளை நான் கேட்டால், எத்தனை முறை கேட்டாலும் சொல்பவர்.

வீட்டில் கண்டியம்மா காத்திருந்தாள். பொட்டு வைத்த செய்தியை அம்மா அவளிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். அப்பா உறையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். கண்டியம்மா அதைத் தொடவில்லை. கை கூப்பினாள்.

"தோட்டத்துல மாரியம்மனுக்குன்னு மஞ்சத்தண்ணி ஊத்தி விட்ட ஆட்டத் திருப்பிப் பட்டியில கட்டுனா அந்த வீடு வெளங்காதும்பாக. இதுவும் அப்பிடித்தானுங்களா ஐயா? இல்ல, காயிதத்துக்கு அந்தச் சட்டமெல்லாம் இல்லீங்களா?" அவள் குரலில் ஆசை இருந்தது. இல்லை என்று அவர் சொல்லிவிடவேண்டும் என்ற ஆசை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க தெனம் பாட்டுப் பாடுறவுக. நீங்க சொன்னாச் சரி."

கூரைத் தகரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா தாளைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார் என்று அப்போது எண்ணினேன். கருநீல மையைத்தான் பார்த்தார்.

"ஆண்டவனுக்குன்னு ஆனத மறுபடியும் வெல பேசறது முறையில்லம்மா."

 அழப்போகிறாள் என்று நான் நினைத்த நேரத்தில், அவள் சிரித்தாள்.

"சரிங்கய்யா. பாட்டனுக்கும் ஒதவல, எனக்கும் ஒதவல. சாமிக்காச்சும் ஒதவட்டும்."

அப்பா அவளுக்கு ஒரு மூட்டை அரிசியும் தம் பழைய கம்பளிக் கோட்டும் கொடுத்தார். அம்மாவுக்கு அது போதவில்லை. கண்டியம்மா போனபின், "ஏனுங்க, தொரை என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"இனி அதப் பேசி என்ன ஆகுது?" என்றார் அப்பா. என்னை ஒருமுறை பார்த்தார். நான் பாடப் புத்தகத்தில் இருந்த குங்குமத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவர் துரையின் பங்களாவுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் துரையின் கார் எங்கள் தெருமுனையைக் கடந்து இறங்கிப்போனது.

அவருக்காக நான் வழக்காடாத நாளில்லை, அன்பர்களே. அவர் சொன்னதை அவரே நம்பியிருக்கலாம். பூசித்ததை விற்கலாகாது என்று வளர்க்கப்பட்டவர்தாமே. நம் மக்களின் உழைப்பு மறுபடியும் வெள்ளைக்காரனோடு கப்பலேற வேண்டாம் என்று தம் அலுவலக நண்பரிடம் அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. ஆனால் துரையின் பாதி விலையைச் சொல்லிவிட்டு, முறையில்லை என்று அவர் சொல்லியிருந்தால், அவளே முடிவு செய்திருப்பாள். மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விற்றிருப்பாள் என்றே நினைக்கிறேன். பிள்ளைகளுக்காகச் செய்யும் பிழையைப் பொறுக்காத தெய்வம் எது? அவளுடைய அச்சத்தை அவர் அவளுக்கு எதிராகவே எடுத்து வைத்தார். அதைப் பக்தியின் குரலில் வைத்தார். அந்தக் குரலில்தான் நானும் பாடக் கற்றேன்.

பிற்காலத்தில், எனக்கென்று கை நிறையச் சம்பளம் வந்த பிறகு, ஊட்டிக்கு அப்பால் அந்தக் கூப்பு இருந்த இடத்தைத் தேடிப் போனேன். இளங்கன்றுகளை நட்டு வேலி போட்டிருந்தார்கள். இங்கே யாரேனும் தங்கியிருந்தார்களா என்று காவலாளியைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. ஓடைக்கு மேல்புறச் சரிவில், அந்த மண்சுவர் இருந்த இடத்தில், இன்று மூன்று அடுக்கு வீடு நிற்கிறது. பேருந்தில் போகும்போது அந்தப் பக்கம் நான் உட்காருவதில்லை.

கூப்பு லாரி மார்க்கெட் முன்னால் வந்து நின்ற காலையில் மூடுபனி அடர்ந்திருந்தது. பானைகளையும் சாக்குகளையும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். மேஸ்திரி தலை எண்ணி ஏற்றினான். ஊரார் சிலர் வேடிக்கை பார்த்தார்கள். "போங்க போங்க, அங்கயாச்சும் நெலையா இருங்க," என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். அம்மாவால் வர முடியவில்லை. அப்பா வந்தார். காலையில் அவர் ஆல்பத்தைத் திறந்து, உறையை எடுத்துத் தாம் போட்டிருந்த கோட்டின் உள்பையில் வைத்ததை நான் கண்டிருந்தேன். கொடுக்கத்தான் போகிறார் என்று பாதை முழுவதும் எண்ணிக்கொண்டே வந்தேன். துரை போய்விட்டாலும் உலகில் வேறு துரைகள் இல்லாமலா போவார்கள்?

கண்டியம்மா அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு லாரியின் மேலிருந்து குனிந்தாள்.

"ஐயா, கூப்புல கோயிலு இருக்காதாம். புள்ளைகளுக்குத் துன்னூறு பூசி விடுங்க."

அப்பா உள்பைக்குள் கைவிட்டுத் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். அதனோடு உறையின் மூலையும் சேர்ந்து மேலே வந்தது. இரண்டு விரல்களால் அதை உள்ளே தள்ளினார். பிறகு பெண்கள் இருவரின் நெற்றியிலும் பூசினார், தாயின் நெற்றியில் பூசினார். அவர் உதடுகள் ஏதோ மந்திரத்தை உருவிட்டுக்கொண்டிருந்தன. அவர் கண்கள் நிறைந்திருந்தன.

சின்னவள் பலகை இடுக்கின் வழியே கையை நீட்டி என் சுவெட்டரைப் பிடித்தாள்.

"உங்கப்பா எங்க நோட்ட நல்லா வச்சுக்குவாரா?"

துரை சொன்ன பாதி விலை என் நாக்கில் இருந்தது. அப்பா கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார்.

"வெச்சுக்குவாரு," என்றேன்.

என் வாக்கை அப்பா காப்பாற்றினார். அவர் கண்மூடும் நாள்வரை அந்தத் தாளில் இன்னொரு கறை படவில்லை.